காப்பாற்றியவர் சொந்தக்காரர் ஆகிவிடுவாரா?

விவிலியத்தின் பழஞ்சுவடிகளைத் தேடி அலைந்த அறிஞர்களில் ஜெர்மானியரான கான்ஸ்டன்டின் டிஷண்டார்ஃபுக்குத் தனி இடம் உண்டு. எகிப்தின் சினாய் மலையடிவாரத்தில் உள்ள புனித கேத்தரின் மடத்திலிருந்து அவர் கொண்டுவந்த சுவடி, கி.பி. 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிரேக்க மொழியில் தோல் ஏடுகளில் எழுதப்பட்டது. புதிய ஏற்பாடு முழுமையாகக் கிடைக்கும் சுவடிகளில் இதைவிடப் பழையது வேறில்லை. இன்று அதன் 347 ஏடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் 43 ஏடுகள் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கின்றன. செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் சில துண்டுகள் உள்ளன. மடத்தின் கையில் எஞ்சியிருப்பவை 12 ஏடுகளும் சில துண்டுகளுமே. இப்படிச் சிதறிப்போனதை நியாயப்படுத்த ஒன்றரை நூற்றாண்டாக ஒரே பதில்தான் சொல்லப்படுகிறது: டிஷண்டார்ஃப் போயிருக்காவிட்டால் அது அழிந்தே போயிருக்கும். அந்தப் பதிலை இனியும் ஏற்றுக்கொண்டிருக்க முடியாது என்பது என் கருத்து. ஒரு சுவடியைப் படித்து உலகுக்குச் சொன்ன பெருமை ஒருவருக்குச் சேரட்டும். அதை வைத்துக்கொள்ளும் உரிமையும் அதனுடன் சேர்ந்தே போய்விடாது. சினாய் மடத்தின் ஏடுகள் மடத்துக்கே திரும்ப வேண்டும்.

காப்பாற்றிய கதை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்கலாம். 1844இல் 29 வயது இளைஞராக மடத்துக்குப் போன டிஷண்டார்ஃப், நூலக அறையில் ஒரு கூடை நிறையப் பழைய தோல் ஏடுகளைக் கண்டதாகவும், அவை அடுப்பில் போடுவதற்காக வைக்கப்பட்டிருந்ததாகவும் எழுதினார். கூடையில் இருந்த 129 ஏடுகளில் 43 ஏடுகளை எடுத்துக்கொள்ளத் துறவிகள் அனுமதித்தார்களாம். அவர் காட்டிய ஆர்வத்தைப் பார்த்து உஷாராகி மற்றவற்றைக் கொடுக்க மறுத்துவிட்டார்களாம். இந்தக் கதைக்கு ஒரே சாட்சி டிஷண்டார்ஃப்தான். 1846இல் அந்த 43 ஏடுகளை, சாக்சனி மன்னர் ஃபிரெடெரிக் அகஸ்டஸின் பெயரைச் சூட்டி அவர் வெளியிட்டபோது, அவை எங்கே கிடைத்தன என்பதையே மறைத்துவிட்டார். கூடையும் அடுப்பும் அச்சேறியது பல ஆண்டுகள் கழித்து, மீதி ஏடுகளும் கைக்கு வந்த பிறகு. லைப்சிக்கில் உள்ள ஏடுகளோ நல்ல நிலையில் இருப்பவை. குப்பைக்குப் போன பொருளின் தோற்றம் அவற்றுக்கு இல்லை. போதாததற்கு, தோல் ஏடு எளிதில் தீப்பிடிக்கும் பொருளும் இல்லை. விறகுக்குப் பதிலாக அதை எரிப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. மடத்தில் கூடைகளில் ஏடுகள் வைக்கப்பட்டிருக்கலாம். அதிலிருந்து அடுப்புக்குத் தாவியது ஒருவருடைய ஊகம் மட்டுமே.

அந்தச் சுவடியின் அருமை துறவிகளுக்குத் தெரியாது என்பதும் உண்மைக்குப் புறம்பானது. 1761இல் மடத்துக்கு வந்த இத்தாலியப் பயணி விதாலியானோ டொனாட்டி, மெல்லிய தோலில் அழகிய உருண்டை எழுத்துகளில் எழுதப்பட்ட ஒரு விவிலியத்தை அங்கே பார்த்ததாகக் குறித்திருக்கிறார். ரஷ்யத் திருச்சபையைச் சேர்ந்த போர்ஃபிரி உஸ்பென்ஸ்கி 1845இலும் 1850இலும் அங்கே போய், சுவடியை நேரில் ஆராய்ந்து அதைப் பற்றி விவரித்து எழுதினார். அது 1856இல் அச்சில் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான், 1859 பிப்ரவரியில், டிஷண்டார்ஃபின் மூன்றாவது பயணத்தில், மடத்தின் நிர்வாகி ஒருவர் சிவப்புத் துணியில் சுற்றி வைத்திருந்த சுவடியை எடுத்துவந்து அவரிடம் காட்டுகிறார். ஒரு பொருளைத் துணியில் பொதிந்து தம் அறையில் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர் அதன் மதிப்பு அறியாதவராக இருந்திருக்க முடியுமா?

டிஷண்டார்ஃபின் புலமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. பாரிஸில் இருந்த எஃப்ரேம் சுவடியை அவர் படித்த விதம் ஒன்றே அவர் யார் என்று காட்டும். 5ஆம் நூற்றாண்டில் விவிலியம் எழுதப்பட்ட தோல் ஏடுகளை 12ஆம் நூற்றாண்டில் யாரோ துடைத்துச் சுரண்டி, அவற்றின் மேல் சிரியத் திருச்சபைத் தந்தை எஃப்ரேமின் உரைகளை எழுதிவிட்டார்கள். மேலே ஓடும் எழுத்துக்கு அடியில் பேயுருவாகத் தெரிந்த கிரேக்கத்தை, அதுவும் சொற்களுக்கு இடையில் இடைவெளியே இல்லாத எழுத்தை, வெறுங்கண்ணால் வரிவரியாகப் படித்து 1843இல் புதிய ஏற்பாட்டையும் 1845இல் பழைய ஏற்பாட்டுப் பகுதியையும் அவர் வெளியிட்டார். புதிய ஏற்பாடு வெளிவந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சினாய்ச் சுவடியின் முக்கியத்துவத்தை ஒரே இரவில் உணர்ந்தவர் அவர். 1862இல் நான்கு பெரிய தொகுதிகளாக அதை அச்சிட்டு உலகத்தின் முன் வைத்தவரும் அவர்தான். மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு, கல்லறையிலிருந்து பெண்கள் அஞ்சி ஓடும் இடத்திலேயே முடிந்துவிடுவதை அறிஞர்கள் இந்தச் சுவடியில் கண்டார்கள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை யோவான் நற்செய்தியில் இல்லை. பர்னபாவின் கடிதமும் ஹெர்மஸின் ‘மேய்ப்பர்’ நூலும் புதிய ஏற்பாட்டோடு சேர்த்தே எழுதப்பட்டுள்ளன. பக்கத்துக்கு நான்கு பத்திகளாக எழுதப்பட்ட அந்த ஏடுகளில் பல நூற்றாண்டுத் திருத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. விவிலியம் எப்படிப் படியெடுக்கப்பட்டது, எப்படித் திருத்தப்பட்டது என்று அறிய இதைவிடச் சிறந்த சான்று அரிது. இதையெல்லாம் நாம் டிஷண்டார்ஃபின் உழைப்பால் அறிந்தோம்.

ஆனால் அந்த உழைப்புக்குச் சுவடியை எடுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இருந்ததா? இதற்கு அவருடைய வாழ்க்கையே பதில் சொல்கிறது. எஃப்ரேம் சுவடியை அவர் பாரிஸ் நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். சினாய்ச் சுவடியோடு ஒத்த வயதுடைய வத்திக்கான் சுவடியைப் பார்க்க 1866இல் ரோமுக்குப் போனபோது, அவருக்கு ஒரு நாளைக்குச் சில மணி நேரம் மட்டுமே, அதுவும் சில நாட்களே அனுமதி கிடைத்தது. அந்தக் கெடுபிடிக்குள்ளேயே குறிப்பெடுத்து, அடுத்த ஆண்டே அதன் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்துவிட்டார். வத்திக்கான் சுவடி இன்றும் வத்திக்கானில்தான் இருக்கிறது. ஒரே அறிஞர், ஒரே துறை, ஏறத்தாழ ஒரே காலம். வலிமையான நூலகத்தில் படித்துவிட்டுத் திரும்பினார். வறிய மடத்திலிருந்து எடுத்துப்போனார். வித்தியாசம் புலமையின் தேவையில் இருந்து வந்ததல்ல, எதிரில் இருந்தவரின் பலத்தைப் பொறுத்து வந்தது. சினாய்ச் சுவடியைக்கூட, கெய்ரோவில் இருந்த மடத்தின் கிளை இல்லத்தில் வைத்து, அங்கே வாழ்ந்த ஜெர்மானியர் இருவரின் துணையோடு முழுவதும் பார்த்தெழுதி முடித்திருந்தார். படியெடுத்த பிறகும் மூலம் வேண்டுமென்று அவர் நின்றது, பயணத்துக்குப் பணம் கொடுத்த ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தரின் கையில் அதைச் சேர்ப்பதற்காக.

அதே மடத்தில் 33 ஆண்டுகள் கழித்து நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1892இல் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ், மார்கரெட் டன்லப் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு இரட்டைச் சகோதரிகள், ஐம்பதை நெருங்கும் வயதில், ஒட்டகத்தில் பாலைவனத்தைக் கடந்து சினாய்க்கு வந்தார்கள். இருவரிடமும் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லை. அந்தக் காலத்துக் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுக்கவில்லை. ஆனால் துறவிகளோடு கிரேக்கத்தில் சரளமாகப் பேசினார்கள். ஆக்னஸ் சிரிய மொழியை அதற்கென்றே கற்றுக்கொண்டு வந்திருந்தார். பெண் புனிதர்களின் வரலாறுகள் எழுதப்பட்ட ஓர் அழுக்கேறிய சுவடியைப் பிரித்தபோது, அதன் அடியில் அழிக்கப்பட்ட இன்னொரு எழுத்து தெரிந்தது. ஒட்டிக்கொண்டிருந்த ஏடுகளைக் கெண்டியின் ஆவி காட்டிப் பிரித்தார் ஆக்னஸ். பக்கம் பக்கமாகப் படம் பிடித்தார்கள். சுவடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, படங்களோடு கேம்பிரிட்ஜ் திரும்பினார்கள். அங்கே பர்கிட், பென்ஸ்லி ஆகிய அறிஞர்கள் அதைப் பார்த்து, நான்கு நற்செய்திகளின் மிகப் பழைய சிரிய மொழிபெயர்ப்பு என்று கண்டறிந்தார்கள். மறு ஆண்டு அறிஞர் குழுவோடு மீண்டும் சினாய்க்குப் போய், மடத்திலேயே தங்கி, ஏடு ஏடாகப் பெயர்த்தெழுதினார்கள். மங்கிய எழுத்தைத் தெளிவாக்க ஒரு ரசாயனத்தைப் பூசியதும் அவர்கள்தான். இன்று எந்தப் பாதுகாப்பு வல்லுநரும் அதைச் செய்யமாட்டார். ஆனால் அந்தச் சுவடி இன்றும் மடத்தின் நூலகத்தில் இருக்கிறது. மடத்தின் அரபு, சிரியச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்துக் கொடுத்ததும் இந்தச் சகோதரிகள்தான். துறவிகளின் நம்பிக்கையைப் பெற்றால் அவர்கள் மேலும் மேலும் கதவுகளைத் திறப்பார்கள் என்பதற்கு இது சான்று. டிஷண்டார்ஃபுக்குப் பிறகு அந்தக் கதவுகள் இறுகியதும் அனைவரும் அறிந்ததே.

இதில் நீதி பற்றிய கேள்வி மட்டும் அடங்கியிருக்கவில்லை, அறிவு பற்றிய கேள்வியும் இருக்கிறது. ஒரு சுவடி எங்கிருந்து வந்தது, யார் கையில் எப்போது இருந்தது என்ற வரலாறு அறுந்துவிட்டால், அதில் எழுதியிருப்பதன் மீதும் சந்தேகம் படரும். டிஷண்டார்ஃப் இடத்தை மறைத்த காலத்தின் விளைவு 1862இல் வெளிப்பட்டது. போலிச் சுவடிகள் தயாரிப்பதில் பேர்போன கான்ஸ்டன்டைன் சிமோனிடிஸ் என்ற கிரேக்கர், சினாய்ச் சுவடியை இளவயதில் தாமே எழுதியதாக அறிவித்தார். அறிஞர்கள் அதை மறுத்தார்கள். ஆனாலும் அந்தப் பொய் இன்றுவரை சிலரிடம் உயிரோடிருக்கிறது. அதற்கு முற்றுப்புள்ளி வைக்கக்கூடிய சான்று எங்கிருந்து வந்தது? லண்டனிலிருந்தோ லைப்சிக்கிலிருந்தோ வரவில்லை. 1975இல் மடத்தின் வடக்கு மதிலை ஒட்டி, இடிபாடுகளால் மூடிக்கிடந்த ஓர் அறையைத் துப்புரவு செய்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளும் துண்டுகளும் கிடைத்தன. அவற்றோடு சினாய்ச் சுவடியின் 12 ஏடுகளும் இருந்தன. மடமே சாட்சி சொன்னது. இதற்கு நேர்மாறான நிலையை வாஷிங்டனில் உள்ள விவிலிய அருங்காட்சியகம் கண்டது. சந்தையில் வாங்கிய 16 சாக்கடல் சுருள் துண்டுகளும் போலி என்று 2020இல் அது ஒப்புக்கொண்டது. கிரேக்க மடம் ஒன்றிலிருந்து 1917இல் கொள்ளையடிக்கப்பட்ட நற்செய்திச் சுவடி ஒன்றும் அதனிடம் இருந்தது. அதன் வரலாறு தெரிய வந்ததும் 2022இல் உரிய மடத்திடமே ஒப்படைத்தது. அமெரிக்கத் தனியார் அமைப்பொன்று செய்ததைப் பொதுச்சொத்தைக் காக்கும் பெரிய நூலகங்கள் செய்யாமலிருப்பதற்குக் காரணம் எனக்குப் புரியவில்லை.

மறுப்புகளுக்கு வருவோம். வலுவான மறுப்பு சட்டம் சார்ந்தது. 1859 செப்டம்பரில் டிஷண்டார்ஃப் எழுதிக் கொடுத்த ரசீது, சுவடி அச்சிடுவதற்காகக் கடனாகவே பெறப்படுகிறது, மடம் கேட்டதும் சேதமின்றித் திருப்பித் தரப்படும் என்கிறது. அந்தச் சீட்டு இன்றும் மடத்தின் வசம் இருக்கிறது. எதிர்த்தரப்பு காட்டுவது 1869இல் மடத்தின் பேராயர் கலிஸ்ட்ராத்தஸ் கையொப்பமிட்ட அன்பளிப்புப் பத்திரம். ரஷ்ய அரசும் 9,000 ரூபிள் கொடுத்தது. சார் மன்னருக்கு அன்பளிப்பாகத் தருவது பற்றிய பேச்சு 1859லேயே இருந்தது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. எனவே இது அப்பட்டமான திருட்டு என்று சொல்வது மிகை. ஆனால் எந்தச் சூழலில் அந்தப் பத்திரம் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். சுவடி பத்து ஆண்டுகளாக ரஷ்யாவில் இருக்கிறது. மடத்துக்குள் பேராயர் பதவியைச் சுற்றி நீண்ட சச்சரவு. ஒருவர் பதவியிழக்க, மற்றொருவர் வருகிறார். புதியவருக்குக் கீழைத் திருச்சபையின் பெரிய வல்லரசான ரஷ்யாவின் அங்கீகாரம் வேண்டும். கையைவிட்டுப் போன பொருளை, திருப்பிக் கேட்க வலுவில்லாத நிலையில், பின்தேதியில் கொடையாக மாற்றிக் கையொப்பமிடுவதை மனமுவந்த கொடை என்று நான் ஏற்கமாட்டேன். லைப்சிக்கில் உள்ள 43 ஏடுகளுக்கோ அப்படியொரு பத்திரம்கூட இல்லை.

கொடை என்ற சொல்லைப் பற்றி நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றையும் நினைக்கலாம். கேரளத்தின் சிரியக் கிறிஸ்தவர்களைக் காண 1806இல் வந்த ஆங்கிலேயப் பாதிரியார் கிளாடியஸ் புக்கானன், ஆயர் மார் தியோனிசியஸிடமிருந்து பழைய சிரிய விவிலியச் சுவடி ஒன்றைப் பெற்றார். அது 1809இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஆயர் அதை மனமுவந்து கொடுத்தார் என்று புக்கானனின் நூல் சொல்கிறது. அப்படியே இருக்கலாம். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆதரவோடு வந்த ஒருவரிடம் கொடுத்தவர் என்ன எண்ணிக் கொடுத்தார் என்பதை வாங்கியவரின் எழுத்திலிருந்து மட்டுமே நாம் அறிகிறோம். சினாயிலும் அதே நிலைதான்.

லண்டனில்தான் சுவடி பத்திரமாக இருக்கும் என்பது அடுத்த வாதம். சுவடி அங்கே போன வழியை முதலில் நினைவுகூர வேண்டும். மதத்தை ஒதுக்கிய சோவியத் அரசு, அந்நியச் செலாவணிக்காக 1933இல் அதை ஒரு லட்சம் பவுனுக்கு விற்றது. வாங்கிய பணத்தில் பாதிக்கு மேல் பிரிட்டிஷ் பொதுமக்கள் கொடுத்த நன்கொடை. அவர்களுடைய ஈடுபாடு உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் சினாயிலிருந்து போன சுவடி, ஒரு பேரரசின் பரிசுப் பொருளாகி, ஒரு புரட்சி அரசின் விற்பனைச் சரக்காகி, எழுபத்து நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை கைமாறியதைப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பிய நூலகங்களுக்கும் நெருப்பு விலக்கு அளித்ததில்லை. தியோக்னேத்துவுக்கு எழுதிய கடிதம் என்ற பழங்கிறிஸ்தவ நூலுக்கு உலகில் எஞ்சியிருந்த ஒரே கைப்பிரதி 1870இல் ஸ்ட்ராஸ்பர்க் நூலகத்தில் பீரங்கிக் குண்டுகளால் எரிந்தது. பெல்ஜியத்தின் லூவேன் நூலகம் 1914இலும் 1940இலும் இருமுறை எரிந்தது. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் கட்டிய சினாய் மடத்திலோ துறவிகள் இன்றுவரை வாழ்கிறார்கள். பாலைவனத்தின் வறண்ட காற்றில் ஆயிரக்கணக்கான சுவடிகள் அங்கே தப்பியிருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் அமெரிக்க வல்லுநர்களோடு சேர்ந்து, பல நிற ஒளிகளில் படமெடுக்கும் முறையால் அங்குள்ள அழித்தெழுதிய ஏடுகளின் அடி எழுத்துகளையும் படிக்கிறார்கள். இந்த வேலை மடத்தின் சுவர்களுக்குள் நடக்கிறது.

மடத்தின் எதிர்காலமே உறுதியாக இல்லையே என்று கேட்பவர்களுக்கு, நான் பொருட்படுத்தும் ஒரு காரணம் இருக்கிறது. 2025 மே மாதம் எகிப்திய நீதிமன்றம் ஒன்று, மடத்தைச் சூழ்ந்த நிலங்கள் அரசுக்குச் சொந்தம், துறவிகளுக்கு அவற்றைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே உண்டு என்று தீர்ப்பளித்தது. கிரேக்கத் திருச்சபையும் கிரேக்க அரசும் அதை எதிர்த்தன. மடத்தின் உரிமை தெளிவாகும்வரை ஏடுகளை உடனே அனுப்பச் சொல்வது அவசரம். ஆனால் உரிமையை ஒப்புக்கொள்வது வேறு, பெட்டியில் வைத்து அனுப்புவது வேறு. மடத்துக்கு உரியது என்று இப்போதே எழுதிக்கொடுத்துவிட்டு, மடம் கேட்கும் நாள்வரை அதன் சார்பில் பாதுகாத்துவரலாம். அப்படியொரு ஒப்பந்தம் மடத்தின் கையை எகிப்தில்கூட வலுப்படுத்தும்.

எல்லாம்தான் இணையத்தில் வந்துவிட்டதே என்பார்கள். 2005இல் நான்கு நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2009இல் சினாய்ச் சுவடி முழுவதும் இணையத்தில் ஏற்றப்பட்டது. யாரும் எங்கிருந்தும் ஒவ்வொரு திருத்தத்தையும் பெரிதாக்கிப் பார்க்கலாம். அது அருமையான பணி. ஆனால் ஆய்வாளருக்குப் படமே போதும் என்றால், மூலம் லண்டனில் இருக்க வேண்டிய அவசியமும் அதோடு தீர்ந்துவிடுகிறது. படம் போதாது, தோலையும் மையையும் தையலையும் நேரில் பார்க்க வேண்டும் என்றால், பிரிந்துகிடக்கும் ஏடுகளை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் ஆய்வுக்கு நல்லது. இரண்டில் எந்தப் பக்கம் நின்றாலும் இப்போதைய சிதறலுக்கு ஆதரவு கிடைக்காது.

பிரிட்டிஷ் சட்டம் நூலகத்தின் சொத்தைக் கைமாற்றத் தடை போடுகிறது என்பது உண்மைதான். அதே சட்டத்தை மாற்றிய முன்னுதாரணமும் பிரிட்டனிலேயே இருக்கிறது. இத்தாலியின் பெனவென்டோ பேராலயத்துக்குரிய இடைக்காலப் பூசை நூல் ஒன்று இரண்டாம் உலகப் போரின்போது காணாமல்போய், பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு விற்கப்பட்டது. அதைத் திருப்பித் தர வேண்டுமென்று அரசு நியமித்த குழு 2005இல் பரிந்துரைத்தபோது சட்டம் குறுக்கே நின்றது. 2009இல் நாடாளுமன்றம் நாஜிக் காலத்தில் பறிபோன பொருள்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அந்த நூல் பெனவென்டோவுக்குத் திரும்பியது. சினாய்ச் சுவடிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் மனம் இருந்தால் சட்டம் செய்ய முடியும் என்பதை அது காட்டிவிட்டது. அதற்குக் காலம் பிடிக்கலாம். லைப்சிக் பல்கலைக்கழகத்தின் நிலை வேறு. அதன் 43 ஏடுகளுக்கு அன்பளிப்புப் பத்திரமோ, விலைச் சீட்டோ கிடையாது. இருப்பதெல்லாம் டிஷண்டார்ஃப் சொன்ன கூடைக் கதை. பொதுமக்களின் நன்கொடை என்ற உணர்வுச் சிக்கலும் அங்கே இல்லை. 1844இல் நடந்தது என்ன என்பதைத் தன் ஆவணங்களைக் கொண்டு வெளிப்படையாக ஆராய்ந்து, மடத்தின் உரிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது அந்தப் பல்கலைக்கழகம்தான்.